கிளீனர் சைடு காலிபர்

ஏலகிரியில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், பாதி தாண்டியிருப்போம். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்ட பிறகுதான் மகள் சொன்னாள்: "அப்பா, ஏதோ கருகுது." கிளட்ச் வாடையா பிரேக் வாடையா என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. இரண்டாவது கியரில்தான் இறங்கினேன், வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடுவேன், அப்படி இறங்கும் வண்டியில் பிரேக் இந்த அளவுக்குக் காய வேண்டிய அவசியமே இல்லை.

கீழே பொன்னேரி வந்ததும் ஓரங்கட்டி, நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும் புறங்கையை நீட்டிப் பார்த்தேன். மூன்றில் மலை இறங்கிய வண்டிக்கு இருக்கும் சூடு. இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை, அடுப்பு முன்னால் நிற்பது போல அனல். டீக்கடைக்காரர் நல்ல மனதோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஊத்துங்க சார், ஆறிடும்" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் டிஸ்க் அப்படிக் காய்ந்திருக்கும்போது அதன் மேல் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு கோணிக்கொள்ளலாம், விரிசலும் விடலாம். முக்கால் மணி நேரம் நிழலில் நிறுத்தித் தானாக ஆறவிட்டோம். ஹேண்ட் பிரேக் போடவில்லை, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

அப்புறம் வாணியம்பாடியில் ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனை நெம்பிப் பின்னுக்குத் தள்ளிக் கொஞ்சம் இளக்கிவிட்டார். "மெதுவா போங்க, ஊருக்குப் போனதும் காலிபரை மாத்திடுங்க" என்றார். அறுபதைத் தாண்டாமல், அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சென்னை வந்து சேர்ந்தோம். நான் செய்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்தில் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறியிருக்க வேண்டும்.

ஏன் தப்பு என்று சொல்லிவிடுகிறேன். நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது எண்ணெயே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம், காற்றில் இருக்கும் ஈரத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டாட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 140தான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. பிரேக் பிடித்தபடியே ஓடும் சக்கரத்தில் காலிபருக்குள் இருக்கும் திரவம் அந்த அளவைத் தொட்டுவிட்டால் உள்ளே ஆவி உண்டாகும். திரவத்தை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான், கால் நேராகத் தரைக்குப் போய்விடும். என் வண்டியில் பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், வண்டி ஓடினாலும் சரி, வீட்டிலேயே நின்றாலும் சரி.

இந்தக் காலிபர் ஏன் இப்படி ஆனது? 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் வேளச்சேரித் தெருவில் வண்டி சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றது, இரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, உள்ளே தரை விரிப்பு மட்டும் நனைந்தது. தண்ணீர் வடிந்ததும் என்ன பார்த்தோம்? இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரி, வயரிங், சீட்டுக்கடியில் நாற்றம். எல்லோரும் இதையேதான் பார்த்தார்கள். முழுக்க முழுக்கச் சாக்கடைத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது பிரேக்தான், அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு செய்த சர்வீஸ் பில்லில் "பிரேக் கிளீனிங்" என்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். டிஸ்க்கில் உரசும் பேடை எடுத்துக் காற்றடித்துத் திரும்ப மாட்டியிருப்பார்கள் போல, காலிபர் வழுக்கி நகரும் பின்னைக் கழற்றியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்கள் நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், எங்கள் வண்டியும் அதில் ஒன்று. ஆனால் சேதம் அதற்கு முந்தைய வருடமே உள்ளே ஆரம்பித்துவிட்டது.

சின்னக் கார்களில் முன்பக்கம் இருப்பது பெரும்பாலும் மிதக்கும் வகைக் காலிபர். ஒரே ஒரு பிஸ்டன், அதுவும் உள்பக்கம் மட்டும். பிரேக்கை அழுத்தினால் பிஸ்டன் உள்பக்கத்துப் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். வெளிப்பக்கத்துப் பேடைத் தள்ள யாரும் இல்லை, அதனால் மொத்தக் காலிபரும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி உள்பக்கமாக நகர்ந்து, வெளிப் பேடை இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கும். சமையலறை இடுக்கியை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தாடையும் சேர்ந்து வந்தால்தான் பாத்திரத்தைப் பிடிக்கும், ஒன்று துருப்பிடித்து நின்றுவிட்டால் மற்றது தனியாக இடித்துக்கொண்டிருக்கும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கத் தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல் அழுத்தும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அப்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். மயிரிழைதான். பின்னில் துருவோ பிஸ்டனில் துருவோ இருந்தால் அந்த மெல்லிய இழுப்புக்கு அது அசையுமா?

அறிகுறிகள் எனக்கு ஐந்தாறு மாதமாகவே வந்துகொண்டிருந்தன. மைலேஜ் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் குறைந்தது, பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்பட்டேன். ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் இழுத்தது, அலைன்மென்ட் பார்த்தேன், இரண்டு வாரத்தில் திரும்பவும் இழுத்தது. இடது முன் ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகமாகப் படிந்தது, துடைத்துவிட்டேன். மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒரு சின்ன வித்தியாசத்தையும் மனதில் வையுங்கள்: பிரேக் போடாமலே வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கச் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால், இழுக்கும் பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, எதிர்ப்பக்கக் காலிபர் வேலை செய்யவில்லை என்றும் இருக்கலாம். இழுக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

எங்கள் அடுத்த தெருவில் அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக் இருக்கிறார், எழுபதை நெருங்குகிறார். நானே செய்யப்போகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கார் வேலையில் நான் பத்து வருடமாக ஆயில், ஃபில்டர், பேடு எல்லாம் சொந்தமாக மாற்றுகிறவன், இருந்தும் பிரேக் லைனைத் திறக்கும் வேலையை முதல் தடவை தனியாகச் செய்யக் கூடாது. தெரிந்த ஒருவர் கண் அதன் மேல் இருக்க வேண்டும்.

அவர் வந்ததும் முதலில் சொன்னது, "தம்பி, காலிபர்தான்னு யார் முடிவு பண்ணது?" என்பதுதான். வாணியம்பாடி மெக்கானிக் சொன்னார் என்றேன். "அவரு சொன்னது சரியா இருக்கலாம். பார்த்துட்டு வாங்குவோம்." வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். வலது பக்கம் லேசான உரசல் சத்தத்தோடு சுற்றியது. இடது பக்கம் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால்தான் நகர்ந்தது. அடுத்து என்னைப் பிரேக்கை இரண்டு தடவை அழுத்தி விடச் சொல்லிவிட்டு, காலிபரின் நிப்பிளை, அதாவது காற்றையும் திரவத்தையும் வெளியே எடுக்கும் சின்னத் திருகை, கால் சுற்றுத் திறந்தார். கொஞ்சம் திரவம் வந்தது, ஆனால் சக்கரம் இளகவில்லை.

இந்தச் சோதனைக்காகவே இதை எழுதலாம் என்று தோன்றியது. நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் இளகிவிட்டால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், குற்றவாளி காலிபர் இல்லை. காலிபருக்குத் திரவம் கொண்டுவரும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உரிந்து, வால்வு மாதிரி ஒரு பக்கம் மட்டும் திரவத்தை விடும், திரும்ப விடாது, வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். பெடலை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலும் தப்பு இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் புதுக் காலிபர் போட்டாலும் ஒரே வாரத்தில் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். நிப்பிளைத் திறந்தும் இளகவில்லை என்றால்தான் பின் அல்லது பிஸ்டன் துருப்பிடித்து நிற்கிறது என்று முடிவு செய்யலாம். இரண்டு நிமிடச் சோதனை, செலவு எதுவும் இல்லை.

காலிபரைக் கழற்றினோம். உள்பக்கப் பேடு கிட்டத்தட்ட இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தில் பாதிக்கு மேல் மிச்சம். இப்படி ஒரு பேடு மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் பின்னைச் சந்தேகப்பட வேண்டும். மேல் பின் கஷ்டப்பட்டு வந்தது, கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த சேறு. கீழ்ப் பின் வரவே இல்லை. ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தோம், காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டோடு ஒன்றாகிவிட்டது. பிஸ்டனின் தூசி உறை ஒரு பக்கம் கிழிந்து, அந்த இடத்தில் பிஸ்டனின் மேல் பூச்சு புள்ளி புள்ளியாகத் துரு தின்றிருந்தது.

பிஸ்டன் பளபளவென்று இருந்திருந்தால் சில நூறு ரூபாய்க்கு ரப்பர் கிட் வாங்கி சீலை மட்டும் மாற்றியிருக்கலாம், கடைகளில் நல்ல கிட் கிடைக்கிறது. ஆனால் பூச்சு போன பிஸ்டன் புது சீலையும் சீக்கிரம் அறுத்துவிடும், திரவம் கசியும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், தேய்த்த இடத்தில் பூச்சே இருக்காது. அதனால் பிராக்கெட்டோடு சேர்த்துப் புதுக் காலிபர், இரண்டு பக்கத்துக்கும் புதுப் பேடு, இடது ஹோஸ், டாட் 4 ஒரு லிட்டர் என்று பட்டியல் போட்டோம். பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, முன் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். காலிபரையும் ஜோடியாக மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. வலது பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் ஐயா, அதுவே எனக்கும் சரி என்று பட்டது. டிஸ்க்கின் ஓரத்திலோ உள் விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பார்த்ததில் என்னுடையது தப்பித்தது.

சாமான் வாங்க, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போனேன். பழைய காலிபர் பாதி விலைக்குப் புதுப்பேட்டையில் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் நானே அங்கே வாங்கியிருக்கிறேன், ஆனால் பிரேக்குக்கு மட்டும் பழைய சாமான் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அது எந்த வெள்ளத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று எப்படித் தெரியும்? கடையில் "லெஃப்ட் சைடு" என்று கேட்டேன். பெட்டியை எடுத்துத் தந்தார்கள், நாலாயிரத்துச் சொச்சம், வாங்கி வந்துவிட்டேன். பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இது பின்னால் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுவேன், ஸ்டாண்டே சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும்.

பழைய காலிபர் பிராக்கெட்டில் இருக்கும்போதே ஹோஸைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டை ஒரு சின்ன இளக்கு இளக்கிவிட வேண்டும், கழற்றித் தொங்கவிட்ட பிறகு அந்த போல்ட்டைத் திருப்பப் பிடிமானமே இருக்காது. அதேபோல் காலிபரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். லைனைத் திறந்ததும் மேலே டப்பாவில் இருக்கும் திரவம் ஒழுகி வெளியே வந்துகொண்டே இருக்கும். அதற்கு ஐயா ஒரு வழி சொன்னார்: பெடலை ஓர் அங்குலம் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் முன்னால் நகர்ந்து டப்பாவில் இருந்து வரும் துளையை மூடிவிடும், ஒழுகல் நின்றுவிடும். பிரேக் லைட் எரிந்துகொண்டிருக்கும் என்பதால் பேட்டரி வயர் ஒன்றைக் கழற்றிவிட்டோம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஒழுகலை நிறுத்துவது இன்னும் முக்கியம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் ஏபிஎஸ் இருக்கும், டப்பா காலியாகி அதன் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் வீட்டில் சாதாரணமாக எடுக்க முடியாமல் போகலாம், கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

புதுக் காலிபரின் பின்களை வெளியே இழுத்துப் பார்த்தேன், உள்ளே கிரீஸ் பெயருக்குத்தான் இருந்தது. காலிபருக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி, உறைக்குள் அடைபட்ட காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மாட்டினேன். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் போட்டால் ரப்பர் உப்பிப்போய்ப் பின்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அது துருவைவிட மோசம். பிரேக் ரப்பருக்குப் பக்கத்தில் பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் எதையும் கொண்டுபோகாதீர்கள், கழுவுவதற்குப் பிரேக் கிளீனர் ஸ்பிரே போதும். சில வண்டிகளில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றின் நுனியில் ரப்பர் இருக்கும், எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். பேஞ்சோ போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புதுச் செப்பு வாஷர், பழசைத் திருப்பிப் போட வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு தடவை நசுங்கிய உலோகம்.

இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். சின்னக் கார்களில் பொதுவாகப் பின் போல்ட், பேஞ்சோ போல்ட் எல்லாம் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் என்ற வட்டத்துக்குள் இருக்கும், பிராக்கெட் போல்ட்டுக்கு அதைவிட மிக அதிகம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்ணைப் பார்த்து, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். நிப்பிளை லேசாகத்தான் இறுக்க வேண்டும், உள்ளே துளை உள்ள மெல்லிய பொருள் அது, முறிந்தால் புதுக் காலிபரே வீண்.

மாட்டும்போது ஹோஸ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு வந்தது. புது ஹோஸ், அப்படித்தான் விறைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஐயா அப்போது தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார்.

அடுத்து ஏர் எடுக்கும் வேலை, அதாவது லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. மகள் டிரைவர் சீட்டில், நான் சக்கரத்தின் பக்கத்தில். நிப்பிளில் தெளிந்த பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனை பாட்டிலுக்குள் கொஞ்சம் பிரேக் ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். "அழுத்து" என்றால் அவள் அழுத்தி "அழுத்தியாச்சு" என்று குரல் கொடுப்பாள், நான் நிப்பிளைத் திறப்பேன், காற்றும் திரவமும் வரும், மூடிவிட்டு "விடு" என்பேன். நான் "விடு" என்று சொல்லும் வரை கால் மேலே வரக் கூடாது, வந்தால் காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பழைய வண்டியில் பெடலைத் தரை வரைக்கும் தள்ளுவதும் கூடாது, மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் போய்க் கிழியலாம், அதனால் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அரை லிட்டருக்கு மேல் ஆயில் போய்விட்டது. குமிழே வரவில்லை, சுத்தமான திரவம்தான் வருகிறது, ஆனால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. வாஷரைப் பார்த்தேன், கசிவு இல்லை. மகளுக்குக் கால் வலித்துவிட்டது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐயா எழுந்து வந்து சக்கரத்தின் முன்னால் குனிந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"நிப்பிள் எங்க தம்பி இருக்கு?"

கீழே இருந்தது. காலிபரின் அடியில். காற்று எப்போதும் மேலேதான் போய் உட்காரும், அதனால் நிப்பிள் மேலே இருந்தால்தான் காற்று வெளியே வரும். என் காலிபரில் மேல் பாதி முழுக்கக் காற்று, கீழே உள்ள நிப்பிளில் இருந்து திரவம் மட்டும் அழகாக வந்துகொண்டிருந்தது. எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அந்தக் காற்று வராது. வந்திருந்தது வலது பக்கக் காலிபர். பிராக்கெட் துளைகள் ஒரே இடைவெளி என்பதால் இடது பக்கத்திலும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஹோஸ் முறுக்கியதற்கும் அதுதான் காரணம்.

"கடைல எப்படிக் கேட்டீங்க?" என்றார். லெஃப்ட் என்றேன். "வண்டிக்கு முன்னாடி நின்னு பார்க்கறவனுக்கு லெஃப்ட் வேற, உள்ள உக்கார்ந்திருக்கறவனுக்கு வேற. டிரைவர் சைடு, கிளீனர் சைடுன்னு கேளுங்க. யாருக்கும் குழப்பம் வராது." லாரி ஓட்டியவர்கள் வைத்த வார்த்தை, காரில் கிளீனர் ஏது என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. நம் ஊர் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், அப்படியானால் இடது பக்கம் கிளீனர் சைடு, எங்கே நின்று பார்த்தாலும் அது மாறாது. ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள நாட்டில் இருக்கிறவர்கள் அதற்கேற்ப மாற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும். காலிபரின் மேலேயே ஆங்கில எல் அல்லது ஆர் எழுத்து வார்த்திருக்கும், அதையும் பாருங்கள், அதைவிடக் கடையிலேயே காலிபரைக் கையில் பிடித்து, வண்டியில் உட்காரும் நிலையில் நிப்பிள் மேலே வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஐயா இல்லாமல் நான் தனியாகச் செய்திருந்தால், ஒருவேளை பெடல் ஓரளவு பிடிக்கிறது, ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று ரோட்டில் இறக்கியிருப்பேனோ என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது. பஞ்சு மாதிரிப் பெடல் தானாகச் சரியாகாது.

திரவம் பட்ட காலிபரைக் கடையில் திரும்ப எடுப்பார்களா என்று சந்தேகத்தோடுதான் திங்கட்கிழமை போனேன், நல்லவேளை மாற்றித் தந்தார்கள். சாயங்காலம் திரும்பவும் கழற்றி, திரும்பவும் புதுச் செப்பு வாஷர் போட்டு, இந்தத் தடவை நிப்பிளை மேலே வைத்து மாட்டி, முதலில் பத்து நிமிடம் நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாக ஒழுகவிட்டோம். பெரும்பாலான காற்று அப்படியே வந்துவிட்டது. பிறகு மகள் எட்டோ ஒன்பதோ தடவை அழுத்தியிருப்பாள், பெடல் கல் மாதிரி நின்றது. அப்படியே மற்ற மூன்று சக்கரங்களிலும் பழைய ஆயிலை எடுத்துவிட்டோம், டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும். பாதி மிச்சமான பாட்டிலை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், திறந்ததில் இருந்தே அது ஈரம் குடித்துக்கொண்டிருக்கும்.

பேடு மாற்றினாலே, வண்டியை எடுப்பதற்கு முன்னால் பெடலைப் பல தடவை அழுத்திப் பிடிமானம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் அழுத்தல்கள் வெறுமனே போகும். இன்ஜினைப் போட்டதும் பெடல் லேசாக இறங்கும், அது காலுக்கு உதவும் பூஸ்டர், பயப்பட வேண்டாம். அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் வைத்தால் மெல்ல மெல்லத் தரைக்குப் போனால்தான் பயப்பட வேண்டும். தெருவுக்குள் நடை வேகத்தில் நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்தேன். அடுத்த நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு, கேளம்பாக்கம் தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில், அறுபதில் இருந்து இருபது வரை மிதமாக அழுத்திக் குறைப்பது, பிறகு கொஞ்ச தூரம் ஆறவிட்டு ஓட்டுவது என்று பத்துத் தடவை. புதுப் பேடின் பொருள் டிஸ்க்கில் சமமாகப் படிவதற்கு இது. இடையில் முழுவதுமாக நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே நிற்கக் கூடாது, சூட்டில் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்துவிடும். திரும்பி வந்து நான்கு சக்கரத்திலும் புறங்கையை நீட்டினேன். முன் இரண்டும் ஒரே சூடு. நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளைத் திரும்பவும் டார்க் ரெஞ்சில் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு டிரைவர் சைடு காலிபரின் பின்களைக் கழற்றிப் பார்த்தோம். மேல் பின் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின்னை ஸ்பேனர் போட்டு நான்கைந்து தடவை திருப்பிய பிறகுதான் இளகியது, நுனியில் விரல் நக அளவுக்குத் துரு, கிரீஸ் பழுப்பாகிச் சேறு போல ஒட்டியிருந்தது. பிஸ்டன் உறை கிழியவில்லை, பிஸ்டன் சுத்தம். இரண்டு பின்னையும் துடைத்து, துருவை எமரியால் எடுத்து, பிராக்கெட் துளைக்குள் கிளீனர் அடித்துத் துணி விட்டுச் சுத்தம் செய்து, புது உறை போட்டு, கிரீஸ் தடவி மாட்டினேன். உறைக்கும் கிரீஸுக்கும் சேர்த்து இருநூறு ரூபாய் ஆகியிருக்கும். வேலை முடிய முக்கால் மணி நேரம். சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியைப் போட்டு "பின்: இரண்டு பக்கமும்" என்று எழுதி வைத்திருக்கிறேன், வரும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வண்டி தண்ணீரில் நின்றாலும் நிற்காவிட்டாலும் திரும்பவும் திறந்து பார்க்கப்போகிறேன்.